மூன்று புள்ளி ஒன்பது

சீட்டைத் தள்ளி எடுத்ததில்
கைக்கு வந்தது பதினான்காயிரத்து இருநூறு.
பள்ளிப்பட்டிலிருந்து நகரிக்கு பஸ்.
கடைப்பலகைகளில் எழுத்து மாறும் இடத்தில்
கைபேசி ஒருமுறை அதிர்ந்து
என்னை அயலூர்க்காரி ஆக்கியது.

முனிரத்தினம் கடை முழுக்க
மூடிப்போன நெட் சென்டர்களின் எலும்புகள்.
“ஏமி காவால?” என்றவர்
என் பையைப் பார்த்துத் தமிழுக்கு வந்தார்.
“கல்யாண வீடியோ எடிட் பண்ணணும்.
இருக்கிற பெட்டி
ஒரு முகூர்த்தத்துக்கு ஒரு ராத்திரியைத் தின்னுது.”

பிரிக்காத அட்டைப்பெட்டி ஒன்றை முன்னால் வைத்தார்.
நல்ல சிப்தான். பூட்டிய சிப்.
கம்பெனி கிழித்த கோட்டுக்கு மேல்
கால் விரலும் வைக்காது.
அதன் பக்கத்தில் பழைய ரைசன்,
யாரோ தடவிய பேஸ்ட் பொருக்காகக் காய்ந்து.
பூட்டு இல்லை. வாரண்டியும் இல்லை.
திருப்பி, வெளிச்சத்தில் பிடித்து
பின்களின் வரிசை பார்த்தேன்.
ஒன்று மட்டும் சாய்ந்திருந்தது,
பந்தியில் பக்கத்து இலையை எட்டிப் பார்ப்பவன் மாதிரி.
பென்சில் முனைக்குள் அதை நுழைத்து நிமிர்த்தினேன்.
அந்தச் சாய்வுக்கு முந்நூறு குறைத்தார்.

போர்டில்தான் சண்டை.
விலை குறைந்ததில் வேகத்துக்கு வாசலே வைக்கவில்லை.
அடுத்ததில் வாசல் உண்டு,
மின்சாரம் பிரியும் இடம் மட்டும் அம்மணமாக,
சித்திரை மாதத்தில் செருப்பில்லாத பாதம்.
மூன்றாவதில் அதே இடத்தின் மேல்
கறுத்த அலுமினியச் சீப்பு.
“சிப்பு மூவாயிரத்து ஐநூறு,
போர்டுக்கு நாலாயிரத்து அறுநூறா?
தலைகீழா வாங்குறியேம்மா.”
ஆமாம் என்றேன்.
ஓடப்போவது சிப்.
சுடப்போவது போர்டு.

மாடிக்குக் கீழே தறிக்கொட்டகை.
அங்கே நாலு தறி பார்க்கிற வனஜா
பகல் சோற்றுக்கு ஏறி வந்தாள்,
பஞ்சு ஒட்டிய புருவத்தோடு.
திறந்து கிடந்த பெட்டியைப் பார்த்து
என்னடி செய்யற என்றாள்.
சொன்னேன்.
“எங்க ஓனரும் அதையேதான் பண்ணாரு.
மோட்டார்ல பெரிய புல்லி மாட்டிட்டாரு.
நூல் அறுந்துக்கிட்டே கிடக்கு.
அறுந்த துணிக்குக் கூலிய எனக்கு வெட்டுறாரு.”
ஊறுகாய் கேட்டாள். கொடுத்தேன்.
இரண்டும் ஒன்றில்லை என்று சொல்லத் தோன்றியது.
சொல்லவில்லை.

நான்கு புள்ளி ஒன்று:
விண்டோஸ் வாசல்படியிலேயே விழுந்தது.
நான்கு: ஒரு மணி நேரம் தாங்கியது.
மாப்பிள்ளை பொதட்டூர்ப்பேட்டை, பெண் புத்தூர்.
சீரகவெல்லம் தலையில் வைத்தார்கள், தாங்கியது.
தாலி கட்டினார்கள், தாங்கியது.
அட்சதை போட்டார்கள்.
திரை முழுக்க அரிசி,
ஒவ்வொரு மணியும் ஒவ்வொரு பக்கம்,
எதையும் எதோடும் சேர்த்துக் கணக்கிட முடியாமல்
தொண்ணூற்று நான்கு டிகிரியில்
நீலத்திரை.
முந்நூறு பேர் வாழ்த்து பாதியில் நின்றது.

வோல்டேஜைக் கூட்டலாம்.
கூட்டினேன், குறைத்தேன், விசிறியைத் திருப்பி வைத்தேன்.
கீழே இடைவேளை முடிந்து
கொட்டகை மொத்தமும் ஒரே நேரத்தில் எழுந்தபோது
என் ட்யூப்லைட் கண் சிமிட்டியது.
ஒரு படி இறங்கினேன்.

மூன்று புள்ளி ஒன்பது.
அரிசி விழுந்தது.
கடைசி மணி,
வீடியோகிராபரின் லென்ஸில் பட்டுத் தெறித்தது வரை.
விடிவதற்குள் முடிந்துவிட்டது.

வனஜாவிடம் சொன்னேன்,
ஒரு படி இறக்கினால் அறுபடவில்லை என்று.
“உன் புல்லி உன் கையில இருக்கு” என்றாள்,
சோற்றுப் பாத்திரத்தை மூடிக்கொண்டே.

இன்று வெள்ளி. கொட்டகை லீவு.
மின்சாரம் முழுசாக வருகிறது.
நகரி மூக்குக்குப் பின்னால் மேகம்,
அறையில் இருபத்தொன்பது டிகிரி.
நான்கை இன்னொரு முறை
போட்டுப் பார்க்கலாமா என்று
விரல் அரிக்கிறது.